ஒரே மை

டோங்காட்டில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை.
படிவத்தின் நான்காம் பக்கம் கேட்கிறது:
செய்முறை அறையில் கை கழுவும் தொட்டி உள்ளதா?
உள்ளது. ஆறு. பளபளவென்று.
குறியிட்டேன்.
தண்ணீர் வருமா என்று கேட்க
அச்சடித்தவனுக்குத் தோன்றவில்லை.

செவிலியர் பட்டயப் படிப்பு, மூன்றாண்டு.
அங்கீகாரத்தை நீட்டிக்கலாமா, கூடாதா
என்று பார்த்துச் சொல்ல டர்பனிலிருந்து அனுப்பினார்கள்,
என்னையும், வந்த அன்றே வயிற்றுப்போக்கோடு
விடுதியில் படுத்துவிட்ட பேராசிரியர் மொகுவேனாவையும்.
ஆக, என்னை.

பொம்மை நோயாளிக்கு இடக்கை கிடையாது.
தோள் ஓட்டையில் பழைய பனியனைச் சுருட்டி அடைத்து
மிஸ்டர் செட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
ஹ்லெங்கிவே என்ற இரண்டாமாண்டுக்காரி
ஊசி போடுமுன் அவர் காதருகே குனிந்து
கொஞ்சம் சுரீரென்னும் அப்பா, என்றாள், ஸூலுவில்.
பிளாஸ்டிக் காது.
'நோயாளியுடன் உரையாடல்: ஒன்று முதல் நான்கு வரை.'
மூன்று போட்டேன்.
தன் பெயரைச் சொல்லித் தொடங்க மறந்துவிட்டாள்;
விதி விதிதான்.

நூலகத்தில் மருந்தியல் புத்தகம் என் காலத்துப் பதிப்பு.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
யாரோ அழுதிருக்கிறார்கள்,
அல்லது தேநீர்.

பிறகு பயிற்சிப் பதிவேடுகள்.
பிப்ரவரி இரவு, மே இரவு, ஆகஸ்டில் ஒரு ஞாயிறு,
மேற்பார்வையாளர் கையெழுத்து எல்லாம்
ஒரே சாய்வு, ஒரே நீலம்.
ஒருத்தியின் கடைசிப் பக்கங்களில் மை மெலிந்து கீறலாகி
அடுத்தவள் நோட்டில் புதுப் பேனாவாய்த் தொடங்குகிறது.
இருபத்தேழு நோட்டு.
ஒரு மாலை வேலை.

முதல்வர் லோகாம்பாள் படையாச்சி மறுக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.
"பிள்ளைகள் நின்றார்கள் மேடம், ஒவ்வொரு மணி நேரமும் நின்றார்கள்.
இரவு வார்டுக்கு ஒரே ஒரு சிஸ்டர். நாற்பத்தொரு கட்டில்.
அவள் குழந்தையைப் பிடிப்பாளா, பேனாவைப் பிடிப்பாளா?
நீங்கள் வருகிறீர்கள் என்றதும் போய்க் கேட்டோம்.
உட்கார்ந்து போட்டுக் கொடுத்தாள்."

நம்பினேன்.
நம்புவதற்கு எனக்குச் சம்பளமில்லை.

எட்டு வருடம் முன்பு ஸ்டேங்கரில்
ஒரு கல்லூரியை மூடச் சொல்லி எழுதினேன்.
சரியாகத்தான் எழுதினேன், இன்றைக்கும் அதையே எழுதுவேன்;
ஆசிரியரே இல்லாத பாடத்துக்கு மதிப்பெண் தந்துகொண்டிருந்தார்கள்.
அங்கே படித்தவள் ஒருத்தி
இப்போது கடையில் என் பால் பாக்கெட்டை
சிவப்பு வெளிச்சத்தில் காட்டி எடுக்கிறாள்.
பை வேண்டுமா சிஸ்டர், என்கிறாள்.
ஒவ்வொரு முறையும் சிஸ்டர்.

மூன்று மணி பத்துக்கு எங்கோ ஒரு குழாய் இருமியது.
முதலில் காற்று, பிறகு செம்மண், பிறகு தண்ணீர்.
வகுப்பு கலைந்தது. வாளி, கெட்டில், மருந்துத் தட்டு,
மிஸ்டர் செட்டியின் மலத்தட்டுகூட விடவில்லை.
நான் யாரென்று நிமிர்ந்து பார்க்காமலே
என் கையிலும் ஒரு வாளியைத் திணித்துவிட்டு ஓடினாள் ஒருத்தி.
பிடித்தேன். நிரம்பியதும்
எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

இரவு, விடுதியில் அறிக்கை.
பகுதி ஆறு, பயிற்சிச் சான்றுகள்: ஒன்று.
பரிந்துரை: நிபந்தனையுடன், ஆறு மாதம்.
ஆறை அடித்துப் பன்னிரண்டாக்கினேன்.
கரும்பு லாரி ஒன்று ஜன்னலை உலுக்கிப் போனது.

கடைசித் தாள் என்னுடைய வருகைப் பதிவு.
திங்கள், செவ்வாய், புதன்.
அந்தந்த நாளே கையொப்பமிட வேண்டும் என்று
தடித்த எழுத்தில்.
திங்களுக்குப் போட்டேன்.
செவ்வாய்க்குப் போட்டேன்.
புதனுக்கு வரும்போது பார்த்தேன்,
என் இடக்கை பைக்குள்
வேறு நிறப் பேனாவைத்
துழாவிக்கொண்டிருந்தது.